வெளியே தொங்கிய கத்தி

ஒளிக்கத் தெரியாத ஆட்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். நான் எட்டு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்தவள். அங்கே பசியை ஒளித்தேன், காய்ச்சலை ஒளித்தேன், அழுகையை ஒளித்தேன். அதனால்தான் உயிரோடு திரும்பி வந்தேன். மாத்தளைக்குப் பக்கத்தில், எங்கள் அலுவிகாரை வீட்டின் பின் அறைக்குக் குடிவந்த அந்தப் பஞ்சாபிக்காரரை முதல் நாளே எனக்குப் பிடிக்காமல் போனதற்குக் காரணம் இதுதான்.

தலையில் நீலத் தலைப்பாகை, நெஞ்சுவரை தாடி. சேர்ட்டுக்கு மேலே தோளிலிருந்து குறுக்காக ஒரு கறுப்புப் பட்டி. அதன் முனையில், இடுப்புக்குப் பக்கத்தில், உறையோடு ஒரு கத்தி தொங்கியது. ஒரு சாண் நீளம் இருக்கும்.

“இது என்னாது?” என்று எனக்குத் தெரிந்த குவைத் ஹிந்தியில் கேட்டேன். அவர் பேசியதெல்லாம் ஹிந்திதான். இங்கே எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

“கிர்பான்.”

“கத்திதானே?”

“ஆமா. சின்ன வாள்.”

வாடகைக்கு அறை கேட்டு வந்த இடத்தில் எவனாவது இப்படிச் சொல்வானா? என் வீட்டுக்காரர் த்ரீவீல் ஆட்டோ ஓட்டுகிறவர், தைரியசாலிதான். அவரே என் காதில், “வேணாம்டி, பாத்தாலே பயமா இருக்கு” என்றார்.

வந்தவர் கிரேன் ஓட்டுகிறவர். லக்கல பக்கம் மின்சாரக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்த ஓர் இந்தியக் கம்பனியின் ஆள். மற்ற ஆட்கள் எல்லோரும் கம்பனி முகாமில் இருந்தார்கள். அங்கே எல்லோரும் பீடி குடிக்கிறார்கள், இவருடைய சீக்கிய மதத்தில் புகையிலை ஆகாது, அதனால் தனியாக அறை தேடினார். நாங்கள் கொடுத்தோம். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் பீடி குடிக்க ரோட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. “சொந்த வீட்டுல நான் வாடகைக்கு வந்த போடிங்காரன் மாதிரி திரியறேன்” என்று புலம்புவார்.

பின் அறைக்காரரின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. நான் சர்தார்ஜி என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பெஹன் என்றார். கூடப்பிறந்தவளைக் கூப்பிடுகிற சொல் அது.

அமிர்தம் குடித்துத் தீட்சை எடுத்தவர்கள் ஐந்து சாமான்களை எப்போதும் உடம்பில் வைத்திருக்க வேண்டுமாம். வெட்டாத முடி, முடிக்குள் ஒரு மரச் சீப்பு, கையில் இரும்புக் காப்பு, உள்ளே தொளதொளவென்று ஓர் அரைக்கால் சட்டை, அப்புறம் இந்தக் கத்தி. விரலை மடக்கி மடக்கிச் சொன்னார்.

“உள்ள போடற காச்சட்ட வரைக்குமா சாமி சொல்லுது?”

“ஆமா பெஹன்.”

“போடாட்டி சாமி எட்டிப் பாக்குமோ?”

கோபப்படுவார் என்று நினைத்தேன். வயிறு குலுங்கச் சிரித்தார். “சாமி பாக்காது. எனக்குத் தெரியுமே.”

நான் எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த கத்தோலிக்கப் பெண். குவைத்துக்குப் போகும்போது அம்மா என் கழுத்தில் செபமாலை போட்டு அனுப்பினாள். வேலை செய்த வீட்டு எசமானி முதல் வாரமே அதை அறுத்துக் குப்பையில் போட்டாள். மாதா ஏதாவது செய்வாள் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். எசமானிக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அன்றோடு எனக்கு விட்டுப்போயிற்று. மாலையில் ஒன்றும் இல்லை. அப்படியென்றால் காப்பில் மட்டும் என்ன இருக்கப்போகிறது? இதை அவரிடமே சொன்னேன்.

கேட்டுவிட்டு, “மாலை போச்சு. செபம்?” என்றார்.

“அதும் போச்சு.”

“அதுக்குத்தான் நாங்க விடறதில்ல.”

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

விடியுமுன் குழாயடியில் பச்சைத் தண்ணீரில் குளிப்பார். குளிக்கும்போதும் கத்தி உடம்பை விட்டு இறங்காது. அப்புறம் ஒரு மணி நேரம் செபம். சாயங்காலம் மறுபடியும். ஒரு சின்னப் புத்தகத்தை மூன்று துணியில் சுற்றி அலமாரி உச்சியில் வைத்திருந்தார். கை கழுவாமல் அதைத் தொடமாட்டார். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “எங்க லயத்துல பிள்ளைங்க போர்வை இல்லாம நடுங்குதுங்க. ஒங்க பொஸ்தகத்துக்கு மூணு போர்வையா?” என்று கேட்டுவிட்டேன். மறுநாள் தன் கம்பளியை மடித்துக் கொண்டுவந்து, “லயத்துல யாருக்காவது குடுங்க” என்றார். அது மழைக்காலம். அந்த ஆள் ஒரு பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டே மழைக்காலம் முழுவதும் தூங்கினார். புத்தகத்தின் துணியில் ஒன்றுகூடக் குறையவில்லை.

இப்படி ஓர் ஆளை என்ன செய்வது? நல்லவர் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பைத்தியம் என்று தள்ளவும் முடியவில்லை.

ரொட்டி சுடும்போது இரும்புக் காப்பு சூடேறி மணிக்கட்டில் கறுப்பாகத் தழும்பு விழுந்திருந்தது. அடுப்படியில் இருக்கிற நேரமாவது கழற்றி வைக்கச் சொன்னேன். “கழட்டினா கை தன்னிஷ்டத்துக்குப் போகும்” என்றார். “கைக்கா மூளை இருக்கு?” என்றேன். “அதான பெஹன், கைக்கு மூளை இல்லியே” என்று அதற்கும் சிரித்தார். வேலைத்தளத்தில் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு ஹெல்மெட் போடச் சொன்னபோது, கிரேனை நிறுத்திவிட்டு மூன்று நாள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டார். நாலாம் நாள் கம்பனி வேன் தானாக வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் தலை முழுகி, இடுப்புவரை முடியை விரித்துப்போட்டு, முன் வாசலில் உட்கார்ந்து காயவைப்பார். ரோட்டில் போகிற சனம் நின்று பார்க்கும். பின்னால் போய் உட்காருங்கள் என்றால், “எதுக்கு? சுத்தமாத்தானே இருக்கு?” என்பார்.

எதிர்வீட்டில் ஒரு முஸ்லிம் நானா; அண்ணனை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற கடை. நான் குவைத்தில் இருந்த வருடங்களில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான், என் வீட்டுக்காரர் இல்லை. ஹஜ் பெருநாளைக்குக் குர்பான் என்று பலி கொடுத்த இறைச்சியில் ஒரு பங்கு எங்களுக்கு, ஒரு பங்கு பின் அறைக்காரருக்கு என்று கொண்டுவந்தார். சர்தார்ஜி கைகூப்பி நீளமாக ஏதோ சொன்னார். உங்கள் அன்புக்கு நன்றி, ஆனால் உங்கள் முறையில் மந்திரம் சொல்லி அறுத்த இறைச்சியை நாங்கள் தொடக்கூடாது என்று சத்தியம் செய்திருக்கிறோம், மன்னிக்க வேண்டும். இதை அப்படியே நானாவிடம் சொல்ல முடியுமா?

“வயிறு சரியில்லையாம் நானா” என்றேன்.

“அப்ப இஞ்சி போட்டுத் தேத்தண்ணி குடுங்க தங்கச்சி” என்று போய்விட்டார்.

சர்தார்ஜி என்னைப் பார்த்தார். “நான் அவ்வளவு சொன்னேன். நீங்க ரெண்டு வார்த்தை சொன்னீங்க.”

“எங்க பாசையில சுருக்கமா வரும்.”

அவர் அதை நம்பினார். அந்த ஆளுக்கு ஒளிக்கவும் தெரியாது, ஒளிக்கிறவர்களைக் கண்டுபிடிக்கவும் தெரியாது.

அப்புறம் அந்த ஈஸ்டர் ஞாயிறு வந்தது. எங்கள் மாதா கோவில்களில் குண்டு வெடித்தது. எங்கள் சனம் எத்தனை பேர் செத்தார்கள் என்று ஊருக்கே தெரியும், நான் எழுதத் தேவையில்லை. எனக்கு வந்த கோபத்தில் எல்லா மதத்தையும் ஒரே குழியில் போட்டு மூடவேண்டும் என்றிருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் பெயர்க்காரர்கள் என்றதும் ஊரே ஒளிக்க ஆரம்பித்தது. நான் குவைத்திலிருந்து கொண்டுவந்த கறுப்பு அபாயா அங்கியை அடுப்பில் போட்டு எரித்தேன். நானா முப்பது வருடத் தாடியை ஒரே காலையில் மழித்துவிட்டார். கடைக்குப் போகும்போது அவர் கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன். வாள், நீளக் கத்தி வைத்திருப்பவர்கள் பொலிசில் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். ஒப்படைக்கப் போனால் திரும்பி வரமாட்டோம் என்று முஸ்லிம் சனம் பயந்தது. அந்தப் பயத்தில் தப்பு சொல்ல முடியாது.

பின் அறைக்காரர் மட்டும் தலைப்பாகையும் தாடியும் வெளியே தொங்குகிற கத்தியுமாக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனார். கூட்டம் சுற்றிக்கொண்டது. ஒருவன் தாடியைப் பிடித்து இழுத்தானாம். பொலிஸ் வந்து பாஸ்போட்டையும் கம்பனி கடிதத்தையும் பார்த்து, இந்தியாக்காரர் என்று விட்டுவிட்டார்கள். கம்பனி அவரை வீட்டிலேயே இருக்கச் சொன்னது.

அன்றைக்கு நான் கத்தினேன். “ஒரு தொப்பியப் போடுங்க. அந்தச் சனியன சேர்ட்டுக்கு உள்ள போடுங்க. செத்துப் போவீங்க.”

“உள்ள போட்டா அது ஒளிச்சு வச்ச கத்தி பெஹன். வெளிய இருந்தாத்தான் கிர்பான்.”

“பாக்கிறவனுக்குக் கத்தி கத்திதான்.”

“அப்ப பாக்கிறவங்ககிட்ட சொல்லுங்க. நீங்கதான் சிங்களம் பேசுவீங்களே.”

இரண்டு நாள் கழித்து மத்தியானம் நானா பின்பக்கமாக வந்தார். கையில் உரப் பையில் சுற்றிய ஒரு நீளக் கத்தி. குர்பானுக்கு ஆடு மாடு அறுக்கிற கத்தி. என் முழங்கை நீளம், மேல்பக்கம் அரபு எழுத்து வேறு.

“இது எங்கட வாப்பாட கத்தி தங்கச்சி. ஆத்துல எறிய மனசு வரல்ல. ஒங்கட வீட்டுல ரெண்டு கெழம இரிக்கட்டும்.”

“எங்க வீட்டையும் பாப்பாங்களே நானா?”

“நீங்க கிறிஸ்தவ ஆளுங்க. ஒங்கள என்னத்துக்கு பாக்குறாங்க?”

பையை என் பக்கம் நீட்டினார். மழித்த முகத்தில் பயம் பச்சையாகத் தெரிந்தது. வாங்கிக்கொண்டேன். எங்கே வைப்பது என்று யோசித்தேன். பின் அறை ஆளைப் பொலிஸ் ஏற்கெனவே பார்த்துவிட்டது, கடிதம் இருக்கிறது, அந்த அறையை இனி எவனும் தொடமாட்டான் என்று கணக்குப் போட்டேன். அவர் குளிக்கப் போன நேரம், கோதுமை மா வாளிக்குப் பின்னால் சுவரோடு சாய்த்து வைத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் யாராவது கேட்டதும் உண்மையைச் சொல்லிவிடுவார்.

நான் செய்த முட்டாள்தனம் அது. அதற்கு மேலே செய்ததற்கு முட்டாள்தனம் என்ற பெயர் போதாது.

மூன்றாம் நாள் காலை ஆமியும் பொலிசும் எங்கள் வரிசை முழுக்கச் சோதனைக்கு வந்தார்கள். முஸ்லிம் வீடு, சிங்கள வீடு, தமிழ் வீடு என்று பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் ஹயர் சவாரிக்குப் போயிருந்தார். சர்தார்ஜி அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, கூப்பிடாமலே முன் வாசலுக்கு வந்து கையை விரித்துக்கொண்டு நின்றார். கத்தி வெளியே தொங்கியது. ஓர் இளம் சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினான்.

பொலிஸ் ஐயா ஒருவர், நடுத்தர வயது, கத்தியைக் காட்டி, “மொகக்த மே?” என்றார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறார்.

என்ன சொன்னால் இவருக்குப் புரியும்? சிங்களக் குழந்தைகளின் கழுத்தில் பஞ்சாயுதம் என்று ஒரு தகடு போடுவார்கள். பயமும் கண்ணூறும் அண்டாமல் இருக்க ஐந்து ஆயுதங்களைப் பொறித்த தகடு. நம் ஆட்கள் ஐம்படைத் தாலி என்று சொல்வதுதான். அதைச் சொன்னேன். “பஞ்சாயுதம் மாதிரி சேர். இவங்க சாமிக்கு அஞ்சு சாமான். சின்னப் பிள்ளையில இருந்து போட்டிருப்பாங்க. இதால ஒரு கோழியக்கூட அறுக்கமாட்டாங்க.”

அவர் முகம் மாறியது. “என் சின்ன மகளுக்கும் போட்டிருக்கு” என்று சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்தினான். மதத்தை ஒரு காசுக்கு மதிக்காத நான், மதத்தைச் சொல்லி ஓர் ஆளைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த நேரத்தில் பின் அறையிலிருந்து இன்னொரு சிப்பாய் உரப் பையோடு வந்தான்.

கத்தியை உருவினார்கள். அரபு எழுத்தில் வெயில் பட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நானா தன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைச் சொன்னால், அந்த வாரத்தில், அந்த எழுத்தோடு, அவர் வெளியே வர எத்தனை மாதமாகுமோ. என்னுடையது என்றால் நான் போகவேண்டும், என் வீட்டுக்காரரும் போகவேண்டும். சர்தார்ஜிக்கு நாடு இருக்கிறது, கம்பனி இருக்கிறது, தூதரகம் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு மூச்சில் நினைத்தேன்.

“இது யாருடையது?” என்றார் ஐயா.

நான் சர்தார்ஜியிடம் கேட்கவேயில்லை. நேராகச் சிங்களத்தில் சொன்னேன். “அஞ்சு சாமான்னு சொன்னேனே சேர். அதுல இதும் ஒண்ணு. பெருநாளைக்கு எடுக்கறது.”

ஐயா என்னைப் பார்த்தார். சர்தார்ஜியைப் பார்த்தார். சற்று முன் பஞ்சாயுதத்தை நம்பிய மனிதர் இதையும் நம்பிவிட்டார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மட்டும் போய்விட்டது.

“என்ன சொல்றாங்க பெஹன்?”

“ஒங்க கிர்பான பத்தி எழுதணுமாம். ஸ்டேஷனுக்குப் போய் ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. ஒரு மணித்தியாலம்.”

தலையாட்டினார். ஜீப்பில் ஏறும்போது திரும்பி, “பருப்பு அடுப்புல இருக்கு, எறக்கி வச்சிருங்க” என்றார்.

இறக்கி வைத்தேன். நானா ரோட்டைத் தாண்டி வரவில்லை. கேட்டை உள்பக்கம் பூட்டிக்கொண்டார்.

இதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கம்பனி மனேஜர் கொழும்பிலிருந்து வந்துசேர நாலு நாள் ஆனது. அவருக்கு ஹிந்தி தெரியும். சர்தார்ஜி அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஆனால் பொலிசில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் இருந்தது. கையெழுத்து இருக்கிறதே என்றார்கள். கம்பனி அதற்கு மேலே மல்லுக்கட்டவில்லை. சில வாரம் உள்ளே வைத்து, அப்புறம் வேலையை விட்டு எடுத்து, அங்கிருந்தே விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டார்களாம். பின் அறைச் சாமான்களை எடுக்க ஓர் ஆள் வந்தான். அலமாரி உச்சியிலிருந்த புத்தகத்தை நான் கை கழுவிவிட்டு எடுத்துக் கொடுத்தேன். நம்பிக்கை வந்து அப்படிச் செய்யவில்லை. ஐந்து சாமான் மனிதனைக் காப்பாற்றும் என்று இன்றைக்கும் நான் நம்பவில்லை. காப்பாற்றவில்லையே, கண்ணால் பார்த்தேனே.

நானா மறுபடி தாடி வளர்த்துவிட்டார். ஒரு மாதம் கழித்து என்னை வழியில் நிறுத்தி, “அந்தக் கத்தி திருப்பிக் கெடைக்காதா தங்கச்சி?” என்று கேட்டார். நான் அந்த ரோட்டிலேயே கெட்ட வார்த்தையில் திட்டினேன். அன்றிலிருந்து பேச்சில்லை. அவரைத் திட்டுவதற்கு எனக்கு என்ன உரிமை?

ஜீப் போன மறுநாள் காலை என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். வாக்குமூலம் எழுத மொழிபெயர்க்க ஆள் வேண்டும். அந்த வாரத்தில் ஹிந்தி தெரிந்த வேறு ஆளைத் தேட யாருக்கும் நேரமில்லை. “நானாவ காட்டிக் குடுக்காத, நம்மளும் மாட்டுவோம்” என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் கொண்டுபோய் இறக்கினார்.

சர்தார்ஜியைக் கொண்டுவந்து என் முன்னால் உட்காரவைத்தார்கள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. உள்ளே போடுகிற எல்லோரிடமும் கயிறு, துணி, இரும்பு எதையும் விடமாட்டார்களாம். தலைப்பாகை இல்லை, சீப்பு இல்லை, காப்பு இல்லை, கத்தி இல்லை. முடி முகத்தில் விழுந்து கிடந்தது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டு வாசலில் ஊரே பார்க்க முடியை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்த ஆள், அன்றைக்கு என் முன்னால் வெட்கப்பட்டார். மேசையில் நானாவின் கத்தி கிடந்தது.

“இது யாரோடது பெஹன்?”

“தெரியாது.”

“எங்கிட்ட இதப் பத்தியா கேக்கிறாங்க?”

“ஆமா.”

அவர் முடியைப் பின்னால் தள்ளிவிட்டு, ஐயாவின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். “இந்தக் கத்திய நான் நேத்துக் காலையிலதான் மொதல் தடவையாப் பாத்தேன். குரு மேல ஆணை.”

ஐயா பேனாவைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “என்ன சொல்கிறார்?”

உண்மையைச் சொல்ல அது எனக்குக் கடைசி இடம். எனக்கு அது தெரியும். தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஸ்டேஷன் ஜன்னல் வழியாக, எனக்காகக் காத்து நின்ற எங்கள் த்ரீவீல் தெரிந்தது.

“தன்னுடையதுதான் என்கிறார் சேர். ஒப்படைக்க வேண்டும் என்று தெரியாதாம்.”

ஐயா எழுதினார். மெதுவாக எழுதுகிற மனிதர். எழுதி முடித்து, தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தார். சர்தார்ஜி அந்தச் சிங்கள எழுத்துக்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“நான் சொன்னதுதானே இதுல எழுதியிருக்கு?”

“ஆமா.”

பேனாவை வாங்கிக்கொண்டார். எங்கே போடவேண்டும் என்று கேட்டார். நான் விரல் வைத்துக் காட்டினேன்.